ஸ்ட்ராபெரி இசைப்பான்: திரைப்பாட்டையும் வள்ளி கும்மியையும் ஒரே தொகுப்பில் வைத்துக்கொள்ளும் முறை

சேர்த்து வைத்த பாட்டுகளை இணையத்தின் தயவு இல்லாமல் தம் கணினியிலேயே கேட்க விரும்புவோருக்குக் கிடைக்கும் கட்டற்ற இசைப்பான்களில் ஸ்ட்ராபெரி குறிப்பிடத்தக்கது. அமரோக் என்ற இசைப்பானின் 1.4 பதிப்பை அடியொற்றி 2010-இல் வெளிவந்த க்ளெமென்டைன் என்ற இசைப்பானிலிருந்து 2018-இல் கிளை பிரிந்த இம்மென்பொருள், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் மூல நிரலோடு வெளியிடப்பட்டு வருகிறது. பிரிந்த பிறகு இதில் சேர்ந்த வசதிகளுள் சில, கொங்கு நாட்டு வீடுகளில் இருக்கும் பாட்டுத் தொகுப்புகளுக்கென்றே செய்தவைபோல் பயன்படுகின்றன. அந்த வீடுகளின் கணினியில் எம்.எஸ்.விஸ்வநாதனின் பாடல்களுக்குப் பக்கத்தில் மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) கைபேசியில் பதிந்த வள்ளி கும்மி இருக்கும்; ஒலிநாடாவிலிருந்து மாற்றிய உடுக்கைப்பாட்டும், கலியாணத்தில் பாடிய மங்கல வாழ்த்தும் ஏதோ ஒரு கோப்புறையில் எண்ணை மட்டுமே பெயராகக் கொண்டு கிடக்கும். இவற்றை எப்படி அடுக்குவது, எப்படித் தேடுவது, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிடும்போது ஒலியளவு ஏறி இறங்காமல் எப்படிக் காப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். பட்டிகளின் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளங்களான டெபியன், உபுண்டு ஆகியவற்றின் மென்பொருள் மையத்தில் ஸ்ட்ராபெரி என்று தேடினாலே கிடைத்துவிடும். ஆனால் நீண்டகால ஆதரவு கொண்ட உபுண்டு வெளியீடுகளில் இருப்பது சற்றுப் பழைய பதிப்பாகவே இருக்கும் என்பதால், இங்கே சொல்லப்படும் ஏதேனும் ஒரு தேர்வு உங்கள் திரையில் தென்படாவிட்டால் லினக்ஸ் மென்பொருள்களைத் தரும் ஃப்ளாட்ஹப் தளத்தில் உள்ள பதிப்பை நிறுவிப் பாருங்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

பாட்டுக் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாடல் விவரங்களைத் திருத்தும்போது அவை கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. நூறு பாடல்களை ஒருசேரத் தேர்ந்தெடுத்துத் தவறான பெயரைச் சேமித்துவிட்டால் பழைய பெயர்கள் திரும்பி வாரா.

பிறகு டூல்ஸ் பட்டியில் செட்டிங்ஸைத் திறந்து, கலெக்‌ஷன் பக்கத்தில் உங்கள் பாட்டுக் கோப்புறையைச் சேருங்கள். அதே பக்கத்தில் இருக்கும் இரண்டு தேர்வுகளைக் குறியிடுவது நல்லது. சாங் ஃபிங்கர்பிரின்டிங் அண்ட் டிராக்கிங் என்பது ஒவ்வொரு பாடலுக்கும் அதன் ஒலியிலிருந்தே ஓர் அடையாளத்தை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. பின்னொரு நாள் நீங்கள் கோப்பின் பெயரை மாற்றினாலும் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும், அது முன்பிருந்த அதே பாடல்தான் என்று கண்டுகொண்டு, நீங்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பையும் கேட்ட எண்ணிக்கையையும் இழக்காமல் காக்கிறது. மற்றொன்று ஈபியூ ஆர் 128 பகுப்பாய்வு. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இவ்விரண்டும் ஒவ்வொரு பாடலின் ஒலியையும் பிரித்துப் படித்தாக வேண்டியவை என்பதால் முதல் வருடல் (ஸ்கேன்) வெகுநேரம் பிடிக்கும். அரசு வழங்கிய பழைய விலையில்லா மடிக்கணினியில் இதைச் செய்வதானால், இரவில் மின்னிணைப்போடு விட்டுவிட்டுத் தூங்கப்போவதே உத்தமம். ஏற்கெனவே ஸ்ட்ராபெரியைப் பயன்படுத்தி வருபவர்கள் தேர்வுகளைக் குறியிட்டபின் டூல்ஸ் பட்டியில் முழு மறுவருடலைத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய பாடல்கள் பகுப்பாய்வுக்கு உள்ளாகாமல் விடுபடக்கூடும்.

விவரங்களும் அடுக்குமுறையும்

இசைப்பான்கள் பெரும்பாலும் பாடியவர், அதன்கீழ் ஆல்பம் என்ற வரிசையிலேயே பாடல்களை அடுக்குகின்றன. ஒரு குழு ஓர் இசைத்தட்டை வெளியிடும் மேலைநாட்டு வழக்கத்துக்கு அது பொருந்தும். நம் திரைப்பாடல்களுக்குப் பொருந்தாது. ஒரே படத்தில் ஐந்து பாடல்களை ஐந்து பேர் பாடியிருந்தால் படம் ஐந்து துண்டாகச் சிதறிவிடும். நாம் திரைப்பாட்டை நினைவில் வைத்திருப்பது இசையமைப்பாளரைக் கொண்டும் படத்தைக் கொண்டும்தான். ஆகவே அடுக்குமுறையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஸ்ட்ராபெரியில் அதற்கு முழு இடம் இருக்கிறது.

பாடல்களைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கில் எடிட் டிராக் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் விவரப் புலங்கள் தோன்றும். ஒரு படத்தின் எல்லாப் பாடல்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஆல்பம் புலத்தில் படத்தின் பெயரையும், கம்போசர் புலத்தில் இசையமைப்பாளர் பெயரையும், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலத்தில் மீண்டும் இசையமைப்பாளர் பெயரையே எழுதுங்கள். ஆர்ட்டிஸ்ட் புலம் பாடியவர்களுக்கு. அதைப் பாடல்தோறும் தனியாக எழுத வேண்டும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் ஒன்றாக இருந்தால், பாடகர்கள் எத்தனை பேராயினும் படம் சிதறாது. பாடலாசிரியரின் பெயரைக் கமெண்ட் புலத்தில் எழுதி வைக்கலாம்.

பெயர்களை ஒரே வடிவில் எழுதுவதுதான் இதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. இளையராஜா என்ற ஒரு பெயரே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகக் கோப்புகளில் கிடக்கும். தமிழில் எழுதினாலும் ரகுமான் ஓரிடத்திலும் ரஹ்மான் ஓரிடத்திலும் வரும், முதலெழுத்துக்குப்பின் இடைவெளி ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. இசைப்பானுக்கு இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்கள். கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் உண்டு: கொங்கு என்பதன் முதலெழுத்தை, ஒகரக் குறியை ஒற்றை யூனிகோடு குறியாக இட்டும் எழுதலாம், கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே எழுத்துத் தொடர் வேறு. ஒரே பெயர் பட்டியலில் இருமுறை தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆகையால் ஒரு பெயரை ஒருமுறை சரியாகத் தட்டச்சு செய்து, அதன்பின் படியெடுத்து ஒட்டுவதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதப்பட்டு இன்று ஒன்றும் புரியாத குறிகளாகத் தெரியும் விவரங்களை மாற்ற முயன்று நேரத்தைக் கழிப்பதைவிடப் புதிதாக எழுதிவிடுவது விரைவில் முடியும்.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தார்கள். அதற்கு முன் இருவரும் சேர்ந்து இசையமைத்த படங்களை இரட்டைப் பெயரிலும், பின் வந்தவற்றை அவரவர் பெயரிலும் தனித்தனியே வைப்பது வரலாற்றுக்கு ஒத்தது. விஸ்வநாதன் என்று தேடினால் இரண்டு வகையும் வந்துவிடும் என்பதால் இதனால் இழப்பு ஏதும் இல்லை.

நம் ஊர்ப் பதிவுகளுக்கு வேறு முறை வேண்டும். ஜான்ரா புலத்தில் வள்ளி கும்மி, ஒயில், பெருஞ்சலங்கை ஆட்டம், உடுக்கைப்பாட்டு, மங்கல வாழ்த்து என்று வகையையும், குரூப்பிங் புலத்தில் ஊரின் பெயரையும், ஆல்பம் புலத்தில் எந்தக் கோயில், எந்த நோம்பி என்பதையும் எழுதலாம். இயர் புலம் ஆண்டை மட்டுமே ஏற்கும் என்பதால் நாளையும் மாதத்தையும் கமெண்டில் குறியுங்கள். பாடியவர் பெயர் தெரியாதபோது "தெரியவில்லை" என்று எழுதாமல் புலத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். எழுதினால், சில ஆண்டுகளில் தெரியவில்லை என்பவரே உங்கள் தொகுப்பின் தலைசிறந்த பாடகராகிவிடுவார்.

இனி அடுக்குமுறை. கலெக்‌ஷன் பலகத்தின் தேடுபெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறு படக்குறியைச் சொடுக்கி, குரூப் பை என்பதில் அட்வான்ஸ்ட் குரூப்பிங்கைத் திறந்தால் மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நிலை கம்போசர், இரண்டாம் நிலை ஆண்டோடு கூடிய ஆல்பம் என்று வைத்து, அந்த அடுக்கைத் திரை என்ற பெயரில் சேமியுங்கள். ஜான்ரா, குரூப்பிங், ஆல்பம் என்ற மூன்று நிலைகளை ஊர் என்ற பெயரில் சேமியுங்கள். இனிமேல் இந்த இரண்டு பெயர்களுக்கு இடையே ஒரு சொடுக்கில் மாறிக்கொள்ளலாம். ஒரு கோப்பையும் நகர்த்தத் தேவையில்லை.

ஒலியளவைச் சமன்செய்தல்

அண்மைய பதிப்புகளில் வந்த வசதிகளுள் எனக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுவது இதுதான். 1960-களின் திரைப்பாட்டு மெல்ல ஒலிக்கும். அடுத்து வரும் புதுப்பாட்டு காதைப் பிளக்கும். அதற்கடுத்த நோம்பிப் பதிவு கேட்கவே கேட்காது. இதற்கு முன்பிருந்த தீர்வு 2001-இல் முன்வைக்கப்பட்ட ரீப்ளே கெயின். ஆனால் அதற்குரிய அளவுகள் பாடல் கோப்புக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நாம் வைத்திருக்கும் கோப்புகளில் அவை அரிதாகவே இருக்கும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரையின்படி ஸ்ட்ராபெரி இப்போது தானே பாடலை அளந்து, அளவைத் தன் தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டு, ஒலிக்கும்போது மட்டும் கூட்டியோ குறைத்தோ தருகிறது. கோப்பு அப்படியே இருக்கும்.

செட்டிங்ஸில் பேக்எண்ட் பக்கத்துக்குச் சென்று டிராக் லவுட்னெஸ் நார்மலைசேஷனைக் குறியிடுங்கள். ரீப்ளே கெயின் தேர்வை நீக்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் எது எதைத் திருத்துகிறது என்று புரியாமல் போகும். இலக்கு அளவு அந்தப் பரிந்துரையில் உள்ளபடி −23 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலியளவை அளக்கும் அலகு). இந்த எண் சுழியத்தை நெருங்க நெருங்க ஒலி மிகும். ஒரு புதுப்பாட்டின் சராசரி −9 என்றால் அது 14 டெசிபல் குறைக்கப்படும்; பழம்பாட்டு −20 என்றால் 3 டெசிபல் மட்டும் குறையும்; இரண்டும் ஒரே அளவில் வந்து நிற்கும். மொத்தத்தில் ஒலி முன்னைவிடத் தணிந்து கேட்பதைக் கண்டு சிலர் உடனே இலக்கை உயர்த்திவிடுகிறார்கள். ஒலிபெருக்கியின் திருகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதே சரியான வழி.

காரணம் உடுக்கையும் பம்பையும் பறையும்தான். தாளக் கருவிகள் மிகுந்த ஊர்ப் பதிவில் சராசரி அளவு தாழ்ந்தும், அடி விழும் கணத்தில் உச்சி மிக உயர்ந்தும் இருக்கும். சராசரி −28 ஆகவும் உச்சி முழு அளவுக்கு ஒரு டெசிபல் கீழாகவும் உள்ள ஒரு பதிவை −23-க்கு உயர்த்தினால் 5 டெசிபல் கூட்ட வேண்டும். உச்சியோ எல்லையைத் தாண்டி 4 டெசிபல் மேலே போய், ஒவ்வோர் அடியும் கரகரத்து உடையும். இலக்கை −16-க்கு உயர்த்தினால் இன்னும் மோசமாகும். உங்கள் தொகுப்பில் இத்தகைய பதிவுகள் மிகுதி என்றால் இலக்கை −23-க்கும் கீழே இறக்கி வைத்து, உடைசல் எங்கே நிற்கிறது என்று காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அதே பக்கத்தில் லினக்ஸின் ஒலியமைப்பான ஆல்சாவின் நேரடி வெளியீடு பற்றிய தேர்வுகளும் உள்ளன. ஒலித்தரவைச் சிறிதும் மாற்றாமல் கருவிக்கு அனுப்ப விரும்புவோருக்கு அவை உதவும். ஆனால் சமன்செய்தல் என்பதே தரவை மாற்றுவதுதான் என்பதால் இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்க இயலாது. சோமனூரிலோ பல்லடத்திலோ தறிக்குடோனுக்குள் பாட்டுக் கேட்பவர் இந்தப் பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

முழு இரவுப் பதிவைக் கூறுபோடாமல் பிரித்தல்

கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை ஓரிரவில் பாடி முடிக்கும் கதையன்று. 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதியில் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது பாட்டு பல இரவுகள் நீண்டது. நம் வீடுகளில் இருப்பவை அவ்வளவு பெரியவை அல்ல என்றாலும், 90 நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கமே 45 நிமிடம். அதை ஒரே கோப்பாக வைத்தால் வேண்டிய இடம் கிடைக்காது. வெட்டித் துண்டாக்கினால் பாட்டின் ஓட்டம் அறுபடும். கியூ தாள் என்ற எளிய உரைக்கோப்பு இதைத் தீர்க்கிறது. ஸ்ட்ராபெரி அதைப் படித்து, ஒரே கோப்பைப் பல பாடல்களாகத் தொகுப்பில் காட்டும்.

நாடாவிலிருந்து மாற்றும்போது ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். குறுந்தகட்டுத் தரத்தில் இருதட ஒலி சுருக்கப்படாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். ஃப்ளாக் அதை ஒலிக்குறைவு இல்லாமல் ஏறக்குறையப் பாதியாக்கும். பிட் வீதம் மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில், குறித்த நொடிக்குத் தாவும்போது இடம் சற்றுப் பிசகக்கூடும். பிறகு ஏதேனும் ஓர் உரைத்திருத்தியில், ஒலிக்கோப்பின் பெயரையே கொண்டு, கியூ என்ற பின்னொட்டோடு, அதே கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்குங்கள். முதலில் ஃபைல் என்ற கட்டளையும், அதன்பின் இரட்டை மேற்கோளுக்குள் ஒலிக்கோப்பின் பெயரும், இறுதியில் வேவ் என்ற சொல்லும் வர வேண்டும். அதன்கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் டிராக் என்ற கட்டளையோடு வரிசை எண்ணும் ஆடியோ என்ற சொல்லும், அடுத்த வரிகளில் டைட்டில், பெர்ஃபார்மர் ஆகியவையும், கடைசியாக இண்டெக்ஸ் 01 என்று தொடங்கும் நேரமும் வரும். கட்டளைச் சொற்களை ஆங்கிலத்திலும், தலைப்புகளைத் தமிழிலும் எழுதி, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும்.

நேரத்தை எழுதும் முறையில் பலரும் தடுமாறுகிறார்கள். அது நிமிடம், நொடி, சட்டம் என்ற மூன்று ஈரிலக்க எண்கள். ஒரு நொடிக்கு 75 சட்டங்கள். சட்டத்தை 00 என்று விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்தைக் கடந்தாலும் மணி என்ற பகுதி கிடையாது. 61, 62 என்று நிமிடமாகவே எண்ணிச் செல்ல வேண்டும். அண்ணன்மார் கதையில் வரும் குன்னுடையான் கதை முடிந்து அடுத்த கட்டம் 23 நிமிடம் 40 நொடியில் தொடங்குகிறதென்றால் 23:40:00 என்று எழுதினால் போதும்.

இப்படிப் பிரித்த பாடல்களின் விவரங்களை ஸ்ட்ராபெரிக்குள் திருத்த இயலாது; கியூ தாளைத் திருத்திவிட்டுத் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். பகுதிகள் ஒன்றோடொன்று இழையாமல் இயல்பாக ஓட, பேக்எண்ட் பக்கத்தின் ஃபேடிங் பகுதியில் ஒரே ஆல்பத்துக்கும் ஒரே கியூ தாளுக்கும் விலக்கு அளிக்கும் தேர்வைக் குறியிட்டு வையுங்கள்.

பாடல் வரிகள், தேடல், தானியங்கிப் பட்டியல்

கான்டெக்ஸ்ட் பலகம் ஒலிக்கும் பாட்டின் வரிகளை இணையத்திலிருந்து தேடித் தரும். திரைப்பாட்டுக்கே தமிழ் எழுத்தில் வரி கிடைப்பது அரிது. வள்ளி கும்மிக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் விவரத் திருத்தியில் வரிகளுக்கென்று உள்ள இடத்தில் நாமே எழுதி வைத்தால் அவை கோப்போடு சேர்ந்துவிடும். கும்மி பழக்கும் ஆசிரியர்கள் பயிற்சிப் பாட்டுகளுக்கு இதைச் செய்து வைத்தால், பாட்டு ஓடும்போதே வரிகள் திரையில் நிற்கும்; புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை.

தேடுபெட்டி இப்போது கூர்மையாகியிருக்கிறது. கம்போசர் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் பெயரைத் தொடர்ந்தால் அந்தப் புலத்தில் மட்டும் தேடும். இயர் என்பதற்குப்பின் முக்காற்புள்ளியும் சிறிதெனும் குறியும் 1980-உம் எழுதினால் அதற்கு முந்தைய பாடல்கள் வரும். இத்தகைய தொடர்களை அண்ட், ஆர் என்ற ஆங்கிலச் சொற்களால் இணைக்கலாம். அடைப்புக்குறிக்குள் தொகுக்கவும் செய்யலாம்.

ஸ்மார்ட் பிளேலிஸ்ட் என்பது நிபந்தனைகளைக் கொண்டு தானே உருவாகும் பட்டியல். ஜான்ரா ஒயில், மதிப்பு நான்கு நட்சத்திரத்துக்கு மேல் என்று ஒருமுறை அமைத்தால் போதும். அதில் டைனமிக் முறையைத் தேர்ந்தால் பாட்டுகள் முடிய முடியப் புதியவை வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

கோப்புகளை ஒழுங்குபடுத்தலும் பென்டிரைவும்

விவரங்கள் சீரான பிறகே ஆர்கனைஸ் ஃபைல்ஸைத் தொடுங்கள். அது விவரங்களைக் கொண்டு கோப்புறைகளையும் பெயர்களையும் அமைக்கிறது. இன்சர்ட் பொத்தானால் வேண்டிய புலங்களை வரிசையாகச் சேர்க்கலாம், நெளிவு அடைப்புக்குள் வைத்த பகுதி அந்தப் புலம் வெறுமையாக இருந்தால் தானே மறைந்துவிடும். ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளுக்கு மட்டும் கட்டுப்படுத்தும் தேர்வு குறியிடப்பட்டிருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். அது இருந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் உருக்குலைந்துபோகும். கீழே தோன்றும் முன்னோட்டத்தில் தமிழ் எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பின்பே சரி என்று அழுத்துங்கள்.

வண்டியில் கேட்கப் பென்டிரைவுக்குப் படியெடுக்கும்போது மட்டும், பென்டிரைவுகளில் வழங்கும் ஃபேட் கோப்புமுறைக்கு ஒவ்வாத குறிகளை நீக்கும் தேர்வை இட வேண்டும். மூலக் கோப்புகளை நீக்காமல் வைத்திருக்கும் தேர்வு குறியிடப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கார் இசைக்கருவிகள் சில தமிழ் எழுத்தைக் கட்டங்களாகக் காட்டும். அதற்காக மூலத் தொகுப்பை ஆங்கிலமாக்கத் தேவையில்லை, அந்தப் படிக்கு மட்டும் வரிசை எண்ணையே கோப்பின் பெயராக்கிவிடலாம்.

நட்சத்திர மதிப்புகளும் கேட்ட எண்ணிக்கைகளும் இயல்பாகத் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கின்றன. கலெக்‌ஷன் பக்கத்தில் அவற்றைக் கோப்பிலேயே சேமிக்கும் தேர்வுகளைக் குறியிட்டால் கணினி மாறினாலும் அவை கூடவே வரும். சேமித்த பட்டியல்களும் ஒலியளவுக் குறிப்புகளும் அப்படி வாரா. மென்பொருள் மையத்திலிருந்து நிறுவியிருந்தால் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் லோக்கல் கோப்புறைக்குள், ஷேர் என்பதன்கீழ், ஸ்ட்ராபெரி என்ற பெயரில் அத்தரவுத்தளம் இருக்கும்; ஃப்ளாட்ஹப் பதிப்பென்றால் மறைந்திருக்கும் வார் கோப்புறைக்குள் இருக்கும். இசைப்பானை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையையும் பாட்டுகளோடு சேர்த்து வெளி வன்தட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.